சுற்றறிக்கையோடு வராதவை

காவல் துறையின் திட்டப் பிரிவில் இருந்தபோது, வேறொரு நகரத்தில் வாரந்தோறும் நடக்கும் குற்ற ஆய்வுக் கூட்டத்தைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். 1994இல் நியூயார்க் காவல் துறை தொடங்கிய காம்ப்ஸ்டாட் முறையை அவர்கள் பின்பற்றினார்கள். குற்றங்களை வரைபடத்தில் குறித்து, அந்தந்தப் பகுதியின் பொறுப்பு அதிகாரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். வரைபடத்தையும் படிவங்களையும் படம்பிடித்துக்கொண்டு இரண்டே நாளில் திரும்பினேன். அடுத்த மாதமே எங்களிடமும் கூட்டம் தொடங்கிவிட்டது.

எண்ணிக்கை கூடினால் திட்டு விழும் என்று நிலையங்களுக்குப் புரிந்தது. சில மாதங்களில், திருடுபோன பொருள்கள் பதிவேட்டில் ‘தொலைந்தவை’ ஆயின. புகார் கொடுக்க வந்தவர்களை நாங்கள் ஏமாற்றியிருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அந்த நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த உதவி ஆய்வாளர் ஒருவர்தான் சொன்னார்: “ஐயா, அங்கே கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு புகாரையும் சரிபார்ப்போம். சந்தேகம் இருந்தால் இடத்துக்கே போய்ப் பார்ப்போம். போன வாரம் சொன்னதைச் செய்தோமா, பலன் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி.” நான் பார்த்தது கூட்டத்தை மட்டும். அந்த உழைப்பு வேறொரு அறையில் நடந்திருக்கிறது.

புதிய முறைகள் சுற்றறிக்கையைவிட இப்படி மாற்றலாகி வரும் மனிதர்கள் வழியாகத்தான் நன்றாகப் பரவுகின்றன என்பது என் கணிப்பு. ஓரிடத்து முடிவை மட்டும் நம்பிப் பரப்புவது எனக்கு அச்சம் தருகிறது. குடும்ப வன்முறையில் கைது செய்தால் அடி குறைகிறதா என்று 1981-82இல் மினியாபொலிஸில் சோதித்தார்கள். குறைகிறது என்று 1984இல் முடிவு வெளியானதும் அமெரிக்கக் காவல் துறைகள் பல கைதை விதியாக்கின. பிறகு மற்ற நகரங்களில் சோதித்தபோது ஒரே விடை கிடைக்கவில்லை. மில்வாக்கியில், வேலையில்லாதவர்களைக் கைது செய்தபின் வன்முறை கூடியது. அங்கே அடி வாங்கிய பெண்களை நினைக்காமல் இதை என்னால் படிக்க முடியவில்லை.

பின்னாளில் எங்கள் கூட்டத்தைப் பார்க்க வேறு ஊர் அதிகாரிகள் வந்தார்கள். முதல் இரண்டு நாள் அவர்களைக் கூட்ட அறைக்கு நான் அழைத்துப் போகவில்லை. புகார்களைச் சரிபார்க்கும் எழுத்தரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.