வழுக்கையாறு பிரியும் இடம்

உயர்தர வகுப்பில் எமக்குப் புவியியல் படிப்பித்த ஆசிரியர், ஐப்பசி மழை கொட்டிய ஒரு பிற்பகலில், எங்களைக் குடைகளோடு அழைத்துச் சென்று யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பக்கத்து ஒழுங்கையொன்றின் நடுவில் நிறுத்தினார். "வழுக்கையாற்றின் நீரேந்து பரப்பு எங்கே முடிகிறதென்று இதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று, ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் ஓரங்குல வரைபடத்தை விரித்தார். ஓர் ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் நிலம் முழுவதுமே அதன் நீரேந்து பரப்பு. சமவுயரக் கோடு ஒன்றுகூட எங்கள் பக்கத்தில் இல்லை. குடாநாடு அவ்வளவு தட்டையான நிலம்.

அவர் குனிந்து ஒரு வேப்பிலையை ஓடுகிற தண்ணீரில் விட்டார். அது சற்றுத் தயங்கி, ஒரு கல்லைச் சுற்றி, தென்மேற்கே நகர்ந்தது. பத்தடி தள்ளி விட்ட இலையோ எதிர்ப்பக்கமாகப் போய்ச் செம்பாட்டுத் தோட்டமொன்றின் பள்ளத்தில் தங்கிவிட்டது. நாங்கள் நின்ற இடந்தான் நீர்ப்பிரிமேடு. கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லையைக் காலடியில் உணர்ந்த கணத்தை நான் இன்றும் பெரும்பேறாகவே கருதுகிறேன்.

அங்கிருந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்களை அண்டிச் சென்று அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமானது. மாரியில் மட்டுமே ஓடும் இந்த ஆற்றுக்குப் பல இடங்களில் கரையென்று சொல்லத்தக்க கரையும் இல்லை: ஒரு குளம் நிரம்பி வழிய, வயல்களூடாகவும் மதகுகளூடாகவும் தண்ணீர் அடுத்த குளத்தைத் தேடிப் போகும். முதல் மழைகளை நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும். அதன் தாகம் தணிந்த பின்னரே ஆறு ஓடத் தொடங்கும்.

நிலத்துள் இறங்கிய அந்தத் தண்ணீரைத்தான் கோடையில் நாங்கள் கிணற்றில் அள்ளினோம். அது கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் அடியிலிருந்து உவர் ஏறத்தாழ 40 அடி ஏறும். அதனாலேயே, ஆறு கடல்நீரேரியைச் சேருமிடத்தில் தண்ணீரை மறிக்கும் அராலி அணைக்கட்டின் கதவுகளை எப்போது திறப்பது என்பது பெரிய கேள்வி. நெல் மூழ்குகிறதென்று வயல்காரர் திறக்கச் சொல்வர். கிணறு உவராகுமென்று தோட்டக்காரர் மறிப்பர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. என் மனம் மட்டும் தோட்டக்காரர் பக்கமே சாய்கிறது, ஏனெனில் கடலுக்குப் போன தண்ணீரை மீட்க வழியில்லை.

புலம்பெயர்ந்த நாம் ஊரில் மதில் கட்டும்போது இந்த ஓட்டத்தை அறியாமலே அடைத்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வளவுக்கு அத்திவாரம் வெட்டியபோது பக்கத்து வளவுப் பெரியவர் வந்து, "தம்பி, மாரி வெள்ளம் இதுக்குள்ளாலதான் வயலுக்குப் போறது" என்றார். நீரேந்து பரப்பைப் பரீட்சையில் வரைந்து புள்ளி பெற்ற எனக்கு என் வளவும் அதற்குள் அடங்கியதென்று அதுவரை தோன்றவில்லை. அவர் காட்டிய இடத்தில் மதிலின் அடியில் நான்கு துவாரங்கள் விடச் செய்தேன்.

அந்தக் கார்த்திகையில் தங்கை அனுப்பிய காணொளியில், நான்கு துவாரங்களாலும் செம்மண் கலந்த வெள்ளம் நுரைத்து வெளியேறி வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.