திரையில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு

2021க்குள் சிங்கப்பூரில் உயர்நிலைப் பிள்ளைகள் எல்லாருடைய கைக்கும் மடிக்கணினி, கைக்கணினி போன்ற கற்றல் கருவி வந்துவிட்டது. இனி ‘திரையில் படிக்காதே’ என்று சொல்லிப் பயனில்லை. எப்படிப் படிப்பது என்றுதான் சொல்லித்தர வேண்டும்.

துணைப்பாட வகுப்பில் நான் அடிக்கடி பார்ப்பது இது: வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை, திரையில் தமிழ்ச் சொல்லின் முன்பாதியைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுகிறது. ‘பங்கேற்காதவர்களும் வரலாம்’ என்ற வரியைப் ‘பங்கேற்றவர்கள்’ என்று எடுத்துக்கொண்டால் கருத்தறிதல் விடை தலைகீழாகிவிடும். செய்தார்களா இல்லையா, யார், எத்தனை பேர் என்பதெல்லாம் தமிழில் சொல்லின் பின்பாதியில்தானே இருக்கிறது! விரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தால் கண் அதுவரை போவதில்லை.

முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். வரிக்கு ஐந்தாறு சொல் போதும். அப்புறம் ஒரு பத்தியைத் திரையில் நிறுத்தி, விரலை எடுத்துவிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஈற்றை விழுங்கினால் காதுக்கே தெரிந்துவிடும். படித்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பேச்சுத் தமிழில் சொன்னாலும் சரி. வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்துப் பேசவும் இந்தப் பழக்கம் உதவும்.

தெரியாத சொல் வந்ததும் அகராதிக்கு ஓட வேண்டாம், பத்தி முடியட்டும். அப்போதும் ‘நெகிழ்ந்துபோனார்கள்’ என்று முழுதாகத் தட்டினால் பெரும்பாலும் கிடைக்காது. ‘நெகிழ்’ என்று தேடப் பழக்குங்கள்.

எதைப் படிக்கக் கொடுப்பது? 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 1,70,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 54 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தகவல் கட்டுரைகளைத் தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கெடு வைத்துப் படித்தபோதும் தாளுக்கே சாதகம். கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. அதனால் திரை வாசிப்பை நான் கதையில்தான் தொடங்குகிறேன். தேசிய நூலக வாரியத்தில் தமிழ் மின்னூல்களை இலவசமாக இரவல் பெறலாம். தமிழ் முரசுச் செய்திகளைக் கொஞ்ச காலம் அச்சில் படிக்கவைத்து, பிறகு திரைக்கு மாற்றுவேன். தேர்வு நெருங்குகிறதே என்று பெற்றோர் பதறினாலும், கடிகாரத்தை வைத்துப் படிக்கும் பயிற்சியைக் கடைசியில்தான் சேர்ப்பேன்.