ஆன்லைன் கடையின் குடோனில் சீசன் வேலை: சேர்ந்ததிலிருந்து பி.எஃப். எடுத்தது வரை

ஆன்லைன் கம்பெனியில் வேலை என்றதும் எங்கள் வீட்டில் ஏ.சி. அறை, கம்ப்யூட்டர், கழுத்தில் அடையாள அட்டை என்று நினைத்துவிட்டார்கள். அதில் அட்டை மட்டும் உண்மை. வெப்சைட்டை நடத்துகிறவர்கள் பெங்களூரில் இருப்பார்கள். நாம் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நாலைந்து கிரிக்கெட் மைதானத்தைச் சேர்த்துவைத்து மேலே தகரம் போட்ட மாதிரி ஒரு ஷெட்டில். 2022-இல் ஆடி முடிகிற நேரத்தில் சேர்ந்து, தீபாவளி, பொங்கல் எல்லாம் அங்கேயே பார்த்துவிட்டு அடுத்த கோடையில் வெளியே வந்தேன். இப்போது ஊர்ப் பிள்ளைகள் "அக்கா, அந்த வேலைக்குப் போகலாமா" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் உள்ளே செய்கிற வேலையைவிட அதைச் சுற்றியுள்ள கணக்கும் காகிதமும்தான் ஆளைப் படுத்தும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சேர்வது சுலபம். சீசன் ஆட்களைக் கம்பெனி நேரடியாக எடுப்பதில்லை, ஏஜென்சி மூலமாகத்தான். ஆதார், பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட், இரண்டு போட்டோ, அவ்வளவுதான் கேட்டார்கள். நான் பி.எஸ்சி., என் பக்கத்தில் நின்ற பெண் பத்தாவது, இருவருக்கும் ஒரே சம்பளம். சேர்த்துவிட ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர்கள் உண்டு, ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள், சீசன் நேரத்தில் நம்மைவிட ஏஜென்சிக்குத்தான் அவசரம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கையில் எவ்வளவு வரும் என்று ஒரு தடவை அழுத்திக் கேட்டுவிடுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் போகும், மொத்தத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் போகும், அப்புறம் கேன்டீன் பிடித்தம். சம்பள ரசீதில் வெப்சைட்டின் பெயர் இருக்காது, ஏஜென்சியின் பெயர்தான் இருக்கும். சட்டப்படி நமக்கு முதலாளி அந்த ஏஜென்சிதான், இது பின்னால் பி.எஃப். எடுக்கும்போது நன்றாகவே புரியும்.

முதல் இரண்டு நாள் பயிற்சி. எப்படிக் குனிந்து தூக்குவது, ஃபோர்க்லிஃப்ட் வந்தால் எங்கே ஒதுங்குவது, ஸ்கேனரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தந்தார்கள். ஸ்கேனரை எல்லாரும் 'கன்' என்றுதான் சொல்வார்கள். வாசலில் செக்கிங் கடுமையாக இருக்கும். போன் லாக்கரில், வாட்ச் கூடாது, லிப்பாம்கூடக் கொண்டுபோக முடியாது, ஏனென்றால் உள்ளே விற்கிற எந்தப் பொருளும் நம் கையில் இருந்தால் அது யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். உள்ளே போகும்போதைவிட வெளியே வரும்போதுதான் செக்கிங் அதிகம், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பங்கை அந்த வரிசையே தின்றுவிடும். இதைப் பற்றிப் புகார் செய்யாத ஆளே அங்கே கிடையாது, மாறவும் இல்லை.

என்னைப் பிக்கிங்கில் போட்டார்கள். ஆர்டர் வந்த பொருளை ரேக்கிலிருந்து எடுத்து டோட் என்கிற பிளாஸ்டிக் பெட்டியில் போடுகிற வேலை. எந்த மாடி, எந்த வரிசை, எந்த ரேக், எந்தத் தட்டு என்று கன் காட்டும், போய்த் தட்டின் பார்கோடை அடிக்க வேண்டும், பொருளின் பார்கோடை அடிக்க வேண்டும், டோட்டில் போட வேண்டும், உடனே அடுத்தது வரும். முதல் நாள் எனக்குப் பைத்தியமே பிடித்தது. ஒரே தட்டில் குழந்தைக்கு டயபர், அதன் மேல் இட்லித் தட்டு, பக்கத்தில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 கைடு, இடுக்கில் ஒரு போன் கவர். மளிகைக் கடை அண்ணாச்சி பார்த்தால் அடித்தே விடுவார். டீம் லீடர் அண்ணன்தான் விளக்கினார்: வேண்டுமென்றேதான் கலந்து வைக்கிறார்கள். ஒரே மாதிரி போன் கவர் இருபது ஒரே தட்டில் இருந்தால் அவசரத்தில் கை தப்பானதை எடுக்கும், இட்லித் தட்டு பக்கத்தில் ஒரே ஒரு போன் கவர் இருந்தால் தப்பவே தப்பாது. இன்னொரு லாபமும் இருக்கிறது, வந்த சரக்கை அதற்கென்று இடம் தேடாமல் எங்கே காலியோ அங்கே வைத்து ஸ்கேன் செய்துவிடலாம். எது எங்கே இருக்கிறது என்று மனிதர் யாருக்கும் தெரியாது, கன்னுக்கு மட்டும்தான் தெரியும். இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா, பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கும் நேற்று வந்தவளுக்கும் சரக்கைப் பற்றித் தெரிவது ஒன்றுதான். சீசனுக்கு ஆயிரக்கணக்கில் புது ஆளை எடுத்து, முடிந்ததும் அனுப்ப முடிகிறது என்றால் அதற்குக் காரணமே இதுதான்.

இனி டார்கெட். மணிக்கு இத்தனை பொருள் என்று ஒரு எண் இருக்கும், அது இடத்துக்கு இடம், பொருளுக்குப் பொருள் மாறும். அதைவிட முக்கியம், ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியையும் கன் எண்ணிக்கொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும், மாதவிலக்கு நாளில் டாய்லெட்டில் கொஞ்சம் நேரம் ஆனாலும் அது வெறும் இடைவெளிதான். டீம் லீடர் வந்து "என்னம்மா, கேப் விழுந்திருக்கே" என்பார். அவரும் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே ஒருவர் அவரிடம் அதையே கேட்பார். புதிதாக வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: வேகமாக ஓடாதீர்கள், தேடாதீர்கள். தட்டில் பொருள் இல்லையென்றால் பக்கத்துத் தட்டையெல்லாம் கிளறிக்கொண்டு நிற்கக் கூடாது, இல்லை என்று கன்னில் அடித்துவிட்டு நகர வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளையாகத் தேடிக் கொடுக்கிறவர்களுக்குத்தான் எண் குறையும்.

செருப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பெனி தரும் சேஃப்டி ஷூவுக்குள் ஒரு நல்ல மெத்தை வாங்கிப் போடுங்கள், கான்கிரீட் தரையில் நாள் முழுக்க நடந்தால் குதிகால் என்ன ஆகும் என்று துணிக்கடை அக்காக்களைக் கேட்டால் சொல்வார்கள். 2021-இல் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள் இல்லையா, எங்கள் ஷெட்டில் சில பேக்கிங் மேசைகளுக்கு ஸ்டூல் இருந்தது. பிக்கிங்கில் ஸ்டூல் போட்டாலும் உட்கார ஏது நேரம்.

பெரிய சேல் வந்ததும் எல்லாம் தலைகீழ். அந்த வருஷம் ஃபிளிப்கார்ட், அமேசான் இரண்டும் செப்டம்பர் 23 அன்றே தொடங்கின, நெடுஞ்சாலை ஷெட் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. வார லீவு தள்ளிப்போகும், ஓவர்டைம் கேட்காமலேயே வரும். என்னைச் சில நாள் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். "ஒரு லிப்ஸ்டிக்குக்கு இவ்வளவு பெரிய பெட்டியா" என்று எல்லாரும் கிண்டல் செய்கிறார்களே, எந்தப் பெட்டி என்று திரையே சொல்லும். ஆனால் அந்த அளவுப் பெட்டி தீர்ந்துபோனால், லாரி கிளம்புகிற நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்பதால் கையில் கிடைத்ததில் போடுவோம். காற்றுக்கும் கூரியர் காசு உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருகிற கிலோவையும், தராசு காட்டுகிற கிலோவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் பொதுவாகக் கட்டணம் போடுவார்கள். அதனால் பெரிய பெட்டியில் நஷ்டம்தான், ஆனாலும் லாரியை நிறுத்துவது அதைவிட நஷ்டம்.

தீபாவளி முடிந்ததும் ரிட்டர்ன் மேசைக்குப் போனேன், எனக்கு மொத்த வேலையிலும் பிடித்தது அதுதான். திரும்பி வந்த பொருளைப் பிரித்துப் பார்த்து, மறுபடி விற்கலாமா, கழித்துவிட வேண்டுமா என்று சொல்ல வேண்டும். இங்கே கன்னுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணும் மூக்கும்தான் வேலை செய்யும். புடவையை முந்தானையில் பார்க்கக் கூடாது, கொசுவம் வருகிற இடத்தில் பார்க்க வேண்டும். பின் குத்திய துளை தோள் பக்கம் இரண்டாக இருக்கும், கீழ் ஓரத்தில் மண் இருக்கும், மடித்து அயர்ன் செய்து அனுப்பியிருந்தாலும் மல்லிகைப்பூவும் சாம்பாரும் கலந்த ஒரு மண்டப வாசனை போகவே போகாது. டேக்கை நூல் அறுக்காமல் உள்ளே செருகிக்கொண்டே கல்யாணத்துக்குப் போய்வருகிற திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஷூவில் அடிப்பகுதியைத் திருப்பினால் போதும். போன் பெட்டிக்குள் சோப்பு, டைல்ஸ் துண்டு வருவதும் நிஜம்தான், அதனால்தான் விலை கூடின போன்களில் ஐ.எம்.இ.ஐ. என்கிற, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள எண்ணைப் போகும்போதும் வரும்போதும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் ஏமாற்று வேலை கொஞ்சம்தான், பெரும்பாலும் எம் சைஸும் எல் சைஸும் சேர்த்து வாங்கி ஒன்றைத் திருப்பினவை, கேஷ் ஆன் டெலிவரியில் வீட்டில் ஆளில்லாமல் பிரிக்காமலேயே திரும்பினவை. பிரிக்காத பெட்டிகளைப் பார்க்கும்போதுதான் எரிச்சலாக வரும், அதை எடுக்க ஒருத்தி நடந்திருப்பாள், பேக் செய்ய ஒருத்தி நின்றிருப்பாள்.

பொங்கலுக்குப் பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். யாரையும் கூப்பிட்டு வேலை இல்லை என்று சொல்லவில்லை, ஷிஃப்ட் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான். வருகைப் பதிவும் எண்ணும் நன்றாக இருந்தவர்களை வைத்துக்கொண்டார்கள், நானும் அதில் இருந்தேன். கோடையில் ஒரு அக்கவுன்ட்ஸ் வேலை கிடைத்ததும் நானே விட்டுவிட்டேன்.

உண்மையான போராட்டம் அதற்கப்புறம். ஏஜென்சிக்காரர் பி.எஃப். கணக்கில் என் இன்ஷியலைப் பெயருக்கு முன்னால் போட்டிருந்தார், ஆதாரில் பின்னால் இருந்தது, நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். அதைத் திருத்த அப்போது ஏஜென்சி ஆன்லைனில் ஒப்புதல் தர வேண்டியிருந்தது, அவர்கள் போனையே எடுக்கவில்லை. மெயில் அனுப்பி, நேரில் போய் உட்கார்ந்து, பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் போட்ட பிறகுதான் நகர்ந்தது. வேலையை விட்ட தேதியையும் அவர்கள் போடவில்லை, ஆனால் 2020-இலிருந்து அதை நாமே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் போக வேண்டும். பணம் எடுக்கப் படிவம் 19, பென்ஷன் பங்குக்கு 10சி, இரண்டுமே மத்திய அரசின் உமங் ஆப்பில் இருக்கின்றன. எங்களோடு சேர்ந்து 4 மாதத்தில் நின்ற பெண்களுக்கு அப்போது பென்ஷன் பங்கு கிடைக்கவில்லை, 6 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும் என்று விதி. 2024 ஜூனில் அதை மாற்றிவிட்டார்கள், இப்போது 6 மாதத்துக்குக் குறைவானவர்களும் வாங்கலாம். அதேபோல அந்த நிதியாண்டில் 30 நாள் வேலை செய்திருந்தால் 8.33 சதவீத போனஸுக்கு உரிமை உண்டு, ஏஜென்சி ஆளுக்கும் உண்டு, கேட்காவிட்டால் தாமாகத் தர மாட்டார்கள்.

ஆடி கடைசியில்தான் ஆள் எடுக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் ஆதார், பேங்க் இரண்டிலும் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் மாதமே யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் வாங்கி, சம்பள ரசீதை ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து வையுங்கள், வேலையை விட்ட பிறகு ரசீது வருகிற ஆப்புக்குள் போக முடியாது.