பதினைந்து காணியும் பதினாறு காணியும்

ஆறாம் வகுப்பில் விகிதப் பாடம் என்றால் நம் பள்ளிக் கரும்பலகைக்கு முதலில் வந்தது இட்லி மாவுதான். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு அதைவிடத் தெரிந்த கணக்கு வேறு இல்லை. இன்று வெளிநாட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நம்மவர்களுக்காக அதையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் இரண்டு படி ‘அம்பை 16’ ரக அரிசிக்கு மூன்று ஆழாக்கு உளுந்து. அடுத்த வீட்டில் ஐந்து ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து. எந்த மாவில் உளுந்து தூக்கல்?

முதலில் அலகு. 2:3 என்று எழுதிவிட்டால் அரிசியைவிட உளுந்து கூடிவிடும். படிக்கு எட்டு ஆழாக்கு. ஆகவே அது 16:3. உளுந்தை மேலே, அரிசியைக் கீழே வைத்தால் 3/16, 1/5. மேலே இருக்கும் 3-ஐயும் 1-ஐயும் மட்டும் பார்த்து முதல் வீடு என்று சொல்லக்கூடாது. பதினாறில் ஒரு துண்டும் ஐந்தில் ஒரு துண்டும் ஒரே அளவு இல்லை. துண்டுகளை ஒரே அளவாக்கத்தான் பொதுப் பகுதி. 16-க்கும் 5-க்கும் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) 80. கீழே எதனால் பெருக்கினோமோ அதனாலேயே மேலேயும் பெருக்க வேண்டும்: 15/80, 16/80. அடுத்த வீட்டு மாவில்தான் உளுந்து தூக்கல். எண்பது ஆழாக்கு என்பது பத்துப் படி. கல்யாண வீட்டுக்குப் பத்துப் படி அரிசி நனைத்தால் முதல் வீட்டார் 15 ஆழாக்கு உளுந்து போடுவார்கள், அடுத்த வீட்டார் 16, அதாவது சரியாக இரண்டு படி.

நம் முன்னோர் இந்தப் பொதுப் பகுதியைப் பின்னங்களின் பெயரிலேயே வைத்திருந்தார்கள். 320-ல் ஒன்று முந்திரி. காணி 4 முந்திரி, மா 16, வீசம் எனப்படும் மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80. மூன்று வீசம் பெரிதா, நாலு மா பெரிதா என்றால் 60 முந்திரி, 64 முந்திரி என்று மனதிலேயே முடிந்துவிடும். அது மேலே போட்ட அதே கணக்கு. காணியில் சொன்னால் 15, 16. பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியின் இந்த அழகைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் 320-ஐ 3, 7, 9 வகுக்காது. அங்கே மீ.சி.ம தான் வழி.

5:12, 7:18 இரண்டையும் ஒப்பிட 36 போதும்: 15/36, 14/36. குறுக்கே பெருக்கினால் 90, 84 வரும். விடை சரிதான். அந்த எண்கள் 216 என்ற பொதுப் பகுதிக்கு மேலே நிற்கும் தொகுதிகள் என்று தெரியாமல் பெருக்குவதால்தான் எந்தப் பெருக்கல் எந்த விகிதத்துக்கு உரியது என்று குழம்புகிறார்கள்.

வித்தியாசத்தை வைத்து ஒப்பிடுவதும் தவறு. 3:4, 5:6 இரண்டிலும் வித்தியாசம் 1. ஆனால் 9/12, 10/12.

இவற்றைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. அரிசி, உளுந்து 4:1 ஒரு மாவு, 7:2 இன்னொன்று. அரிசியைக் கீழே வைத்தால் 1/4, 2/7, அதாவது 7/28, 8/28. மொத்தத்தைக் கீழே வைத்தால் 1/5, 2/9, அதாவது 9/45, 10/45. இரண்டு வழியிலும் இரண்டாவது மாவில்தான் உளுந்து அதிகம். ஒன்றுக்கு அரிசியையும் மற்றதற்கு மொத்தத்தையும் வைத்துவிட்டால் 1/4, 2/9, அதாவது 9/36, 8/36. விடை தலைகீழாகிவிடும், பெருக்கலில் எந்தத் தப்பும் தெரியாது. கீழே இருப்பது எதன் அளவு என்று பக்கத்திலேயே எழுதிவைப்பது ஒன்றே காவல்.

அங்கே உங்கள் அடுக்களையிலும் இந்த அலகுப் பிழை இருக்கலாம். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. அமெரிக்க அளவுக் கப் ஏறக்குறைய 240. முதல் கப்பால் நாலு அரிசியும் இரண்டாவதால் ஒரு உளுந்தும் அளந்தால் 720-க்கு 240. நாலுக்கு ஒன்று என்று நினைத்துப் போட்டது மூன்றுக்கு ஒன்றாகிவிடும்: 3/12 வர வேண்டிய இடத்தில் 4/12. அளப்பதெல்லாம் ஒரே கப்பில், தலை தட்டி அளக்க வேண்டும்.