அட்ரீனல் கட்டி: அறுவைக்கு முந்தைய வாரங்கள்

மூன்று வகை மாத்திரைகள் எடுத்தும் என் இரத்த அழுத்தம் ஒரு நிலையில் நிற்கவில்லை. காலையில் 130/80 இருக்கும். தலை பிளப்பதுபோல் வலித்து, புடவை நனையும் அளவுக்கு வியர்த்து, நெஞ்சு படபடக்கும் வேளையில் அளந்தால் 210-ஐத் தாண்டும். இம்மூன்றும் சேர்ந்தே வருகின்றனவா என்று கேட்ட மருத்துவர்தான், 24 மணி நேரச் சிறுநீரில், அட்ரீனலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினின் அளவைப் பார்க்கச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் கொடுத்த கேனின் அடியில் அமிலம் இருந்தது. காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை கழிப்பதையெல்லாம் தனிக் கோப்பையில் பிடித்து, அமிலம் தெறிக்காமல் மெல்ல ஊற்ற வேண்டும். மெட்டாநெஃப்ரின் அளவு பல மடங்கு கூடியிருந்தது, சி.டி. ஸ்கேனில் சிறுநீரகத்தின் மேலுள்ள வலது அட்ரீனல் சுரப்பியில் எலுமிச்சம்பழ அளவுக் கட்டி தெரிந்தது. அட்ரீனலின் போன்றவற்றை அளவுமீறிச் சுரந்து அழுத்தத்தை ஏற்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்றார்கள். ஊசி குத்தித் திசு எடுத்தாலே அட்ரீனலின் வெள்ளமாகப் பாயக்கூடும் என்பதால் பயாப்சி செய்யவில்லை. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது. கட்டியை எடுத்தபின் இது பெரும்பாலும் குறையும் என்று இதய மருத்துவர் கூறினார்.

உடனே அறுவை செய்துவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களே சிகிச்சையின் பெரும்பகுதி என்பது பிறகுதான் புரிந்தது. முதலில், இரத்தக் குழாய்கள் சுருங்குவதைத் தடுக்கும் ஆல்ஃபா தடுப்பு மருந்தான பிரசோசின். முதல் மாத்திரையில் மயக்கம் வரலாம் என்பதால், இரவில் படுக்கையில் அமர்ந்து விழுங்கச் சொன்னார்கள். படபடப்புக்கான பீட்டா தடுப்பு மருந்தை அதன் பின்னரே தொடங்கினார்கள். முந்திக் கொடுத்தால், இரத்தக் குழாயைத் தளர்த்தும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் எஞ்சி, அழுத்தம் எகிறிவிடும். இத்தனை நாள் உப்பைக் குறைத்த எனக்கு, இப்போது உப்பும் நீரும் தாராளமாக எடுக்கச் சொன்னது விந்தையாக இருந்தது. குழாய்கள் விரியும்போது அவற்றை நிரப்பப் போதிய நீர் உடலில் வேண்டும் என்பதே காரணம். அழுத்தத்தைப் படுத்தும் நின்றும் அளந்து நோட்டில் குறித்தேன். எழுந்தால் தலை சுற்றியது, மூக்கும் அடைத்தது. மருந்து வேலை செய்வதற்கு அவையே அடையாளம் என்றார்கள்.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் கட்டியை எடுத்தார்கள். அதன் சிரையைக் கட்டிய கணத்தில் அழுத்தம் சரிந்ததாகவும், அதற்கெனத் தயாராக வைத்திருந்த மருந்தால் நிமிர்த்தியதாகவும் மயக்க மருத்துவர் பிறகு சொன்னார். சர்க்கரையும் இறங்கக்கூடும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி விரலில் குத்திப் பார்த்தார்கள்.

இப்போது அழுத்த மாத்திரை எதுவும் இல்லை. ஆண்டுதோறும் மெட்டாநெஃப்ரின் பார்க்க வேண்டும். இக்கட்டி வருபவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் பரம்பரைக் காரணம் இருப்பதால், மரபணுச் சோதனைக்கும் இரத்தம் கொடுத்திருக்கிறேன். அதில் மாற்றம் தெரிந்தால் தம்பிக்கும் என் மகளுக்கும் சோதிக்க வேண்டியிருக்கும்.