சகாடாவில் மனோங்கின் தொடையை மிதித்த கதை

பிலிப்பைன்ஸின் மலையூரான சகாடாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போக வேண்டிய இடம் விடுதி அல்ல, நகராட்சிக் கட்டடத்தில் இருக்கும் சுற்றுலா அலுவலகம். பெயரைப் பதிந்து, சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அது இல்லாமல் குகை, பள்ளத்தாக்கு எதற்கும் விடமாட்டார்கள். வழிகாட்டியும் கட்டாயம். இதை முன்பே அறிந்திருந்தால் எனக்கு ஒரு பிற்பகல் மிஞ்சியிருக்கும்.

காலையில் மலைநகரமான பாகியோவில் பஸ் ஏறினேன். ஹால்செமா நெடுஞ்சாலை மலையின் முதுகிலேயே ஓடுகிறது. அமெரிக்கர் ஆட்சியில் பாகியோவின் மேயராக இருந்த யூசிபியஸ் ஹால்செமாவின் பெயர் அதற்கு. வழியில் ஆதோக் என்ற ஊர்ப் பக்கம் 2,255 மீட்டர் உயரம். இருபுறமும் முட்டைக்கோஸ் தோட்டங்கள், வளைவுக்கு வளைவு குடலைப் புரட்டும் பள்ளம். ஆறு மணி நேரம் கழித்து இறங்கியவன், பதிவு கிதிவு எதையும் யோசிக்காமல் நேராக, பாறையில் தொங்கும் சவப்பெட்டிகளைப் பார்க்கக் கிளம்பினேன். பாதி வழியில் ஒருவர் மரியாதையாக நிறுத்தி ரசீது கேட்டார். திரும்பி நடந்தேன். அதற்குள் அலுவலகம் பூட்டிவிட்டது.

மறுநாள் இன்னொரு பாடம். வழிகாட்டிக் கூலி ஆள்கணக்கில் இல்லை, குழுக்கணக்கில். தனியாகப் போனால் முழுத்தொகையும் நம் தலையில். அலுவலக வாசலில் உட்கார்ந்து, மணிலாவிலிருந்து வந்த மூன்று பேரோடு ஒட்டிக்கொண்டேன். தனியே வருபவர்கள் கூச்சப்படாமல் இதைச் செய்யலாம், அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை.

எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். லூசோன் தீவின் வடக்கில் பொதுமொழியாகப் புழங்கும் இலோகானோவில் அண்ணனை ‘மனோங்’ என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

முதலில் புனித மரியாள் தேவாலயம். கத்தோலிக்க நாடான பிலிப்பைன்ஸில் இந்த ஊர் ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) ஊராக இருக்கக் காரணம், 1904-இல் வந்த ஜான் ஸ்டான்டன் என்ற அமெரிக்கப் பாதிரியார். தேவாலயத்தைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1993-இல் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். பழங்காலச் சட்டம் என்று பிலிப்பைன்ஸ் பள்ளிப் பாடங்களில் இடம்பெற்றிருந்த ‘கலந்தியாவ் சட்டத் தொகுப்பு’ போலி என்று நிறுவியவர் அவர். கல்லறைகளின் மேல் கரிப்புகை படிந்திருந்தது. நவம்பர் 1 மாலையில் மெழுகுவர்த்திக்குப் பதிலாகப் பிசின் ஊறிய பைன் சிராய்களைக் குவித்துக் கொளுத்துவார்களாம். ‘பனாக்-அப்போய்’ என்று அதற்குப் பெயர்.

அங்கிருந்து இறங்கினால் எதிரொலிப் பள்ளத்தாக்கு. பெயரைக் கேட்டு யாரும் கத்திப் பார்க்க வேண்டாம், இறந்தவர்கள் இருக்கும் இடம் என்று மனோங் முதலிலேயே சொல்லிவிட்டார். சுண்ணாம்புப் பாறையில் பெட்டிகள் தொங்கின. பழையவை குட்டையானவை, உடலைக் கருவில் இருப்பதுபோல மடக்கி வைத்தவை. எலும்பை ஒடிக்க மனம் வராததால் பிற்காலத்தவை நீளமானவை. நடுவே ஒரு மரநாற்காலியும் தொங்கியது. பெட்டிக்குப் போகுமுன் உடலை உட்கார வைத்திருந்த நாற்காலி. எல்லோருக்கும் இந்தப் பாறை கிடைத்துவிடாது, பேரன் பேத்தி எடுத்து, மூப்பில் போனவர்களுக்குத்தான் என்றார் மனோங்.

பிற்பகலில் குகை. லுமியாங்கில் நுழைந்து சுமாகிங்கில் வெளியேறும் வழியை ‘கேவ் கனெக்‌ஷன்’ என்கிறார்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மூட்டுவலிக்காரர்கள் சுமாகிங் குகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. லுமியாங் வாசலிலேயே நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், சிலவற்றின் மூடியில் செதுக்கிய பல்லி. அதைத் தாண்டியதும் மனோங் நம் ஊர் பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்கு ஒன்றைப் பற்றவைத்தார். ஆள் நுழையும் அளவே உள்ள இடுக்குகள், கயிறு, மார்பளவு குளிர்ந்த நீர்.

ஓரிடத்தில் கால் வைக்கப் பிடிப்பே இல்லை. மனோங் பாறையில் முதுகை முட்டுக்கொடுத்து, முழங்காலை மடக்கி, தொடையைத் தட்டி “இங்கே மிதி” என்றார். தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான், அவரோ என்னைவிட மூத்தவர். தயங்கி நின்றேன். பின்னாலிருந்த மூவரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். “இதுதான் படிக்கட்டு, தினமும் நான்கு பேர் ஏறுவார்கள்” என்று சிரித்தார். மிதித்தேன். அடுத்த திருப்பத்தில் அவர் தோளையும் மிதித்தேன்.

சுமாகிங்கில் செருப்பைக் கழற்றச் சொன்னார். வௌவால் எச்சம் வழுக்கும் பகுதி வேறு, இந்தச் சுண்ணாம்புப் பாறை வேறு. ஈரத்திலும் வெறுங்காலை மணல்தாள்போலப் பிடித்துக்கொள்கிறது. செங்குத்தாகத் தெரிந்த சரிவில் நான் சாதாரணமாக நடந்து இறங்கினேன், என் கண்ணுக்கே நம்பிக்கை வரவில்லை.

இரவு சிவப்பரிசிச் சோறும் ‘எத்தாக்’ போட்ட சூப்பும். உப்பிட்டுப் புகைபோட்டு மாதக்கணக்கில் வைத்த பன்றி இறைச்சி அது. வாடை எங்கள் கருவாட்டையும் தோற்கடிக்கும், கருவாடு பழகியவர்களுக்குப் பிரச்சினையில்லை.

மறுநாள் காலை தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. பஸ் படியில் ஏற நடத்துநர் கைகொடுக்க வேண்டியிருந்தது. எதிரே அடுத்த நான்கு பேரோடு மனோங் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.