ஐந்தேகாலுக்கு வீடு

எங்களுடையது முல்லைத்தீவில் காட்டோரமாக இருக்கும் மீள்குடியேற்றக் கிராமம். 2010 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்த சனம்தான் கூட. பெடியளுக்கு உதைபந்தாட்டம் இருந்தது. ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதிவிட்டு வீட்டோடு நின்ற பெண்பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் போக ஓர் இடமும் இல்லை. அவர்களுக்கு ஒரு வலைப்பந்துக் கழகம் தொடங்க வேண்டுமென்று நானும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினோம்.

முதலில் கழகத்தைப் பதிவு செய்யத்தான் ஓடினேன். பொதுக்கூட்டம் வைத்து நிர்வாகத்தைத் தெரிவு செய்து, யாப்பு (கழகத்தின் விதிகள்) எழுதி, கிராம அலுவலரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். பதிவு இருந்தால்தான் பிரதேச விளையாட்டு விழாவில் கழகமாக இறங்கலாம். இடையில் ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் தொலைந்து, எல்லாவற்றையும் திரும்ப எழுதினோம். அதுகூடப் பெரிய கஷ்டமில்லை. பெயர்ப் பட்டியலில் பதினாறு பேர் இருக்க, முதல் நாள் பயிற்சிக்கு நான்கு பேர்தான் வந்தார்கள்.

வீடு வீடாகப் போனேன். ஓர் அக்கா நெல்லுக் காயவிட்டபடியே சொன்னார்: "ஆறு மணிக்கு ஆனை குளக்கட்டில நிக்கும். தகப்பனும் இல்லாத பிள்ளை. ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

அவர் கேட்டது நியாயம். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிப்பதென்று அன்றைக்கே முடிவெடுத்தோம். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தே சைக்கிளில் போவார்கள், கடைசிப் பிள்ளையின் படலை வரைக்கும் எங்களில் ஒருவர் போவோம், ஐந்தேகாலுக்கு எல்லோரும் வீட்டில். அடுத்த கிழமை பதினொரு பேர் வந்தார்கள். இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் யாப்பு எழுத முன்னம் அம்மாமாரிடம் போங்கள் என்பேன்.

திடலுக்குப் பொதுநோக்கு மண்டபத்துப் பின்வளவு போதுமாக இருந்தது. வலைப்பந்துக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும்தான் தேவை. மாதர் சங்கம் சிரமதானத்துக்கு வந்தது. வளையத்தை ஊரில் வெல்டிங் செய்கிற அண்ணன் காசு வாங்காமல் ஒட்டித் தந்தார். 3.05 மீற்றர் உயரத்தை அளந்து பைப்பை நட்டு, கோடுகளை அடுப்புச் சாம்பலால் போட்டோம். பயிற்சிக்கு முன் சாம்பல் கொண்டுவருவது சின்னப் பிள்ளைகளின் வேலையாகிவிட்டது.

தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்பதும், 2018 இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் விளையாடியவர் என்பதும் ஊரில் பலருக்கு எங்கள் திடலில்தான் தெரியவந்தது. படத்தைக் கைபேசியில் காட்டியபோது அந்த நெல்லுக் காயவிட்ட அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் பின்னேரத்தில் வந்து மண்டபத்துப் படியில் இருக்கிறார். கூடவே இன்னும் நாலைந்து அம்மாமார். கிழமைக்கடன் கட்டக் காசு போதாதவருக்கு யார் கைமாற்றுக் கொடுப்பது என்பதையும் அந்தப் படியில் இருந்தேதான் பேசி முடிக்கிறார்கள். ஐந்தானதும் "பிள்ளையள், பந்தை எடுங்கோ" என்று முதலில் குரல் கொடுப்பது அவர்தான்.